டிபன் டப்பாவுக்கு அபராதம், தெர்மாகோலுக்கு மதிப்பெண்!

ரெண்டு பிள்ளை அப்பா:
மகள் நான்காம் வகுப்பு. போன வாரம் டைரியில் ஒரு குறிப்பு: பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பாடு கொண்டு வந்தால் பத்து ரூபாய் அபராதம். சரி, நல்லதுதானே என்று பரணில் கிடந்த எவர்சில்வர் டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பினால், சுற்றுச்சூழல் தினத்துக்கு மழைநீர் சேகரிப்பு மாடல் செய்து வர வேண்டுமாம். தெர்மாகோல், பசை, கலர் பேப்பர், ஜிகினாத் தூள் என்று முந்நூறு ரூபாய் போச்சு. ராத்திரி பதினோரு மணி வரை நானும் வீட்டுக்காரியும் தெர்மாகோல் அறுத்தோம், பிள்ளை ஒன்பதுக்கே தூங்கிவிட்டாள், அந்த வெள்ளை உருண்டைகள் இன்னும் ஃபேன் இறக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதில் யாருக்கு என்ன பழக்கம் வந்தது?

சாக்பீஸ் டீச்சர்:
அபராதம் தப்பு சார், நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுப்பாடே வேண்டாம் என்றால் எப்படி? ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் ஆரம்பித்தது. இன்னும் கறிக்கடைக்குத் தூக்குச்சட்டி எடுத்துப் போகிறவர் எத்தனை பேர்? பெரியவர்கள் திருந்தவில்லை, அதனால்தான் பள்ளியில் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ரெண்டு பிள்ளை அப்பா:
டீச்சர், தடை ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்கு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மூன்று வருஷமாகக் கழுவிக் கழுவிப் பயன்படுத்துகிற டப்பா அதில் எங்கே வருகிறது? மாறாக, அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. ஆக, பள்ளி அபராதம் போடுவது தடை இல்லாத பொருளுக்கு, மதிப்பெண் போடுவது தடைசெய்த பொருளுக்கு. கூடவே பள்ளிக் கேன்டீனில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் விற்கிறார்கள். பல அடுக்கு ஒட்டிய அந்தக் கவரைக் காயலான் கடைக்காரர் கையால்கூடத் தொடமாட்டார்.

வேப்பங்கன்று:
சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் 5 அன்று நடுகிற மரக்கன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு, மண் சுடும்போது கன்று நடுகிறார்கள். போட்டோ எடுத்த மறுவாரம் காய்ந்த குச்சிதான் நிற்கும். நான் படித்த பள்ளியில் நாலாவது வருஷமாக அதே குழி, பக்கத்தில் கன்று வந்த கறுப்பு பிளாஸ்டிக் கவர். அக்டோபரில் நட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டால், ‘தினம்’ அப்போது இல்லையே என்கிறார்கள்!

முன்வரிசை:
எனக்கு இந்த மொத்த விஷயத்திலேயே நம்பிக்கை இல்லை. தம்பி மகன் பள்ளியில் மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலத் தொட்டி. பிள்ளைகள் ஒழுங்காகத்தான் பிரித்துப் போடுகின்றன. காலையில் வண்டி வந்ததும் இரண்டும் ஒரே டிரம்மில். தரம் பிரித்துத்தான் வாங்க வேண்டும் என்று 2016-லேயே திடக்கழிவு விதி வந்துவிட்டது, யார் பார்க்கிறார்கள்? ஒரு பொடியன், “அப்புறம் எதுக்கு மிஸ் பிரிச்சோம்?” என்று கேட்டானாம். பதில் இல்லை.

சாக்பீஸ் டீச்சர்:
அந்தப் பொடியன் கேட்டது நியாயம். அதனால்தான் நாங்கள் மக்கும் குப்பையை வண்டிக்குக் கொடுப்பதே இல்லை. சமையல் கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டி, காய்த் தோல், சத்துணவு முட்டை ஓடு எல்லாம் உள்ளே, மேலே சருகு, ஒரு கை சாணம். முதல் மாதம் நாற்றம் தாங்கவில்லை, ஈ வேறு, தலைமையாசிரியர் மூடச் சொல்லிவிட்டார், சருகை அதிகமாகப் போட்ட பிறகுதான் அடங்கியது. இப்போது கறிவேப்பிலைச் செடிக்கு அந்த உரம்தான். இன்னொன்று, தீர்ந்த பால்பாயின்ட் பேனாவையும் ரீஃபில்லையும் ஓர் ஊறுகாய் ஜாடியில் போடச் சொன்னேன். ஐந்தே வாரத்தில் ஜாடி நிறைந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிள்ளைகளே மை பேனா கேட்டார்கள். சட்டையெல்லாம் நீலம், அம்மாக்கள் வந்து சண்டை போட்டார்கள், பாதிப் பேர் திரும்பவும் பால்பாயின்டுக்கே போய்விட்டார்கள். மீதிப் பாதி இன்னும் எழுதுகிறது.

முன்வரிசை:
பாதி வகுப்புப் பேனா மாற்றினால் உலகம் குளிர்ந்துவிடுமா டீச்சர்? கம்பெனிக்காரன் பாக்கெட்டை மாற்றாமல் பிள்ளையின் பையைச் சோதிப்பது ஊரை ஏமாற்றுகிற வேலை.

சாக்பீஸ் டீச்சர்:
கம்பெனியைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். அதுவரை குழியை மூடச் சொல்லாதீர்கள்.

ரெண்டு பிள்ளை அப்பா:
இந்தக் குழி, ஜாடி எல்லாம் எனக்குச் சம்மதம் டீச்சர், பிள்ளை கையால் செய்கிறதே. அபராதத்துக்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன், எவர்சில்வர் டப்பா வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைதான் பத்து ரூபாய் கட்டும். மாடலை விழா முடிந்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழைய பேப்பர்காரர் வேண்டாம் என்கிறார். உங்கள் பள்ளிக்கு வேண்டுமா?

சாக்பீஸ் டீச்சர்:
பீரோ மேல் ஏற்கெனவே மூன்று இருக்கிறது சார். தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள்.