எந்த சீட் (cheat, கேமில் ஏமாற்றி ஆட உதவும் மென்பொருள்) வழக்கு இன்னும் உறுத்துகிறது? (அனுபவப் பகிர்வு)

வார்டன்2005

க்ளைடர் வழக்கு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடியவர்களுக்கு அந்த பாட் (bot, ஆட்டக்காரருக்குப் பதில் தானே ஆடும் மென்பொருள்) என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 2008ல் அரிசோனா மாவட்ட நீதிமன்றம் கேமின் நிறுவனமான பிளிசார்டுக்கு 60 லட்சம் டாலர் தரச் சொன்னதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உறுத்துவது அதுவல்ல, 2010 டிசம்பர் 14 அன்று ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பிரித்து மேய்ந்த விதம்.

கீழ் நீதிமன்றத்தின் கணக்கு எளிது. கேம் ஓடும்போது அதன் பிரதி ரேமில் ஏறுகிறது. பாட் கூடாது என்கிறது ஒப்பந்தம். மீறினால் உரிமம் போச்சு, உரிமம் போனால் அந்த ரேம் பிரதியே காப்பிரைட் மீறல். மேல் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பாட் தடை என்பது ஆட்டக்காரர் கொடுத்த வாக்கு, உரிமத்துக்கான நிபந்தனை அல்ல. மீறினால் ஒப்பந்த மீறலோடு நிற்கும் என்றது. இல்லாவிட்டால் நிறுவனத்துக்குப் பிடிக்காத எந்தச் செயலையும் காப்பிரைட் மீறல் ஆக்கிவிடலாமே!

ஆனாலும் க்ளைடர் தப்பவில்லை, டிஎம்சிஏ 1201ஆம் பிரிவில் மாட்டியது. டிஜிட்டல் பூட்டை உடைப்பதையும் உடைக்கும் கருவியை விற்பதையும் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் அது. நீதிமன்றம் கேமை மூன்று அடுக்காகப் பிரித்தது. ஹார்டு டிஸ்கில் கிடக்கும் கோடு (code) ஒன்று, தனித்தனிப் படங்களும் ஒலிகளும் இரண்டு. இவை இரண்டும் வார்டன் (பாட்களைக் கண்டுபிடிக்கும் பிளிசார்டின் மென்பொருள்) இல்லாமலே ஆட்டக்காரர் கையில் இருப்பவை, பூட்டே கிடையாது. மூன்றாவது, சர்வரோடு சேர்ந்து அந்த நேரத்தில் உருவாகும் உலகம். லாகினுக்கு முன் ரேமைத் தேடும் வார்டனின் ஸ்கேன் டிஎல்எல்லும், ஆட்டத்தின் நடுவே அவ்வப்போது தேடும் பகுதியும் காவல் காப்பது அதற்கு மட்டும்தான். 2005 செப்டம்பரில் வார்டன் வந்து க்ளைடர் கணக்குகளைத் தடை செய்த பிறகு, அதன் கண்ணில் படாதபடி க்ளைடரை மாற்றினார்கள். வழக்கைத் தோற்கவைத்தது அந்த மாற்றம்தான். ஏமாற்றி ஆடுவது சரியா தப்பா என்று இதில் யாரும் முடிவு செய்யவே இல்லை.

கூட்டல்கழித்தல்

எனக்கு உறுத்துவது பெருக்கல். 1201 மீறலுக்கு ஒவ்வொரு செயலுக்கும் 200 முதல் 2,500 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். ஹானர்படி என்ற வார்கிராஃப்ட் பாட்டை விற்ற ஜெர்மனியின் பாஸ்லேண்ட் மீது 2017ல் 42,818 × 200 = 85,63,600 டாலர். கால் ஆஃப் டியூட்டி சீட் விற்ற என்ஜின்ஓனிங் மீது 2024ல் 72,328 × 200 = 1,44,65,600 டாலர். டெஸ்டினி 2க்கு சீட் விற்ற வால்ஹேக்ஸ் தரப்பு மீது 2022ல் 6,765 × 2,000 = 1,35,30,000 டாலர். பத்தில் ஒரு பங்குகூட இல்லாத எண்ணிக்கை, கிட்டத்தட்ட அதே தொகை! பிரதிவாதி வராத வழக்கில் 200, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட வழக்கில் 2,000. அதுதான் விதி.

ஆவணம்

விதி என்று சொல்லாதீங்க. ருமேனியாவிலிருந்து டெஸ்டினி 2 சீட் விற்ற வெட்டரன்சீட்ஸ் வழக்கிலும் பிரதிவாதி வரவில்லை. 2023ல் 5,848 × 2,000 விதித்தார்கள். என்ஜின்ஓனிங் வழக்கில் கால் ஆஃப் டியூட்டியின் ஆக்டிவிஷன் குறைந்தபட்சத் தொகையைத்தான் கேட்டது, அதனால்தான் 200. வாதி எவ்வளவு கேட்கிறார், எண்ணிக்கைக்கு என்ன ஆதாரம் வைக்கிறார் என்பதைப் பொறுத்தது. பிரதிவாதி வராவிட்டால் குற்றச்சாட்டு ஏற்கப்படும். தொகையை வாதிதான் நிரூபிக்க வேண்டும்.

நான் எழுத வந்தது எய்ம்ஜங்கீஸ், டெஸ்டினி 2 சீட் விற்ற தளம்; வழக்குப் போட்டது அந்த கேமின் பன்ஜி நிறுவனம். ஒரே சண்டை, இரண்டு மேடை. உரிம ஒப்பந்தப்படி டிஎம்சிஏ புகார் நடுவரிடம் போனது, காப்பிரைட் புகார் சியாட்டல் நீதிமன்றத்திலேயே நின்றது. 2023 பிப்ரவரியில் நடுவர் கொடுத்தது 43 லட்சம் டாலருக்கு மேல். 2024 மே மாதம் ஜூரி கொடுத்தது 63,210 டாலர். இவ்வளவுக்கும் 2022ல் நீதிபதி காப்பிரைட் புகாரை முதலில் தள்ளுபடி செய்து, சீட் எதைப் பிரதி எடுத்தது என்று விளக்கித் திருத்தி வரச் சொன்னார். "நம்ம கேமைக் கெடுக்கிறான்" என்பது அங்கே வாதமே ஆகாது.

டர்போ

ஐரோப்பா பக்கம் வாங்க. சோனி எதிர் டேட்டல். சோனியின் பிஎஸ்பி கையடக்கக் கருவியில் மோட்டார்ஸ்டார்ம் ஆர்க்டிக் எட்ஜ் என்ற பந்தய கேம், டேட்டலின் சீட் போட்டால் வேகமூட்டும் டர்போ தீரவே தீராது. டேட்டலின் மென்பொருள் கேமின் கோடில் ஒரு பைட்டைக்கூட மாற்றவில்லை. கேம் ரேமில் எழுதிவைத்த மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றியது. கேமும் அந்த எண்ணை நம்பி ஓடியது. 2024 அக்டோபர் 17 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், கோடு மாறாதவரை அந்த மாறி மதிப்புகளுக்குக் கணினி நிரல் பாதுகாப்பு கிடையாது என்றது. 2025 ஜூலை 31 அன்று ஜெர்மன் உச்ச நீதிமன்றமும் சோனியின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆக, அங்கே மெமரி சீட் விற்பது சட்டப்படி சரி.

வார்டன்2005

டர்போ, கடைசி வரி தவறு. நீதிமன்றத்திடம் கேட்கப்பட்டது கணினி நிரல் வழிகாட்டுதல் பற்றி மட்டும். அதே ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் பாஸ்லேண்ட் பாட்களை முறையற்ற வணிகப் போட்டிச் சட்டத்தில் பிடித்தது, போட்டியாளரைத் திட்டமிட்டு முடக்குவது என்று. அதற்குச் சில மாதம் முன்பு இன்னொரு தீர்ப்பில், விற்பனைக்கான பாட் உருவாக்க கேம் கிளையன்ட்டைப் பிரதி எடுத்ததே உரிமத்துக்கு வெளியே என்றது. ஒரு கதவு மூடினால் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது. பிஎஸ்பி வழக்கை வைத்து ஆன்லைன் ஷூட்டருக்கு முடிவு சொல்லாதீங்க.

நெல்லை_ஸ்னைப்பர்

2017ல் எபிக் 14 வயதுப் பையன் மேல் ஃபோர்ட்நைட் வழக்குப் போட்டது நினைவிருக்கும். அவன் அம்மா நீதிமன்றத்துக்கே கடிதம் எழுதினார். எனக்கு அந்தக் கடிதத்தைவிட முந்தைய படிதான் உறுத்துகிறது. யூடியூபில் சீட் வீடியோவை நீக்கச் சொன்னார்கள், பையன் எதிர் அறிவிப்பு (நீக்கியது தவறு என்ற படிவம்) கொடுத்தான். கொடுத்தால் 10 முதல் 14 வேலை நாளில் வீடியோ திரும்ப வரும், அதற்குள் வழக்குப் போட்டால்தான் நிற்கும். ஒரு படிவத்தை நிரப்பியது வழக்கில் போய் முடிந்தது.

ஆவணம்

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சின்ன ஸ்டூடியோக்காரர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சீட்டை வாங்குங்கள். தனி மின்னஞ்சல், தனி கேம் கணக்கு, ரசீது கிடைக்கும் கட்டண முறை. விற்பனைப் பக்கத்தை விலையோடும் தேதியோடும் சேமியுங்கள். "கண்டுபிடிக்கவே முடியாது" என்ற விளம்பர வரி முக்கியம், பூட்டை உடைக்கவே விற்றார்கள் என்று காட்ட அது உதவும்.

லோடரை (சீட்டை ஏற்றும் நிரல்) விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளால் ஆன போலிக் கணினி) ஓட்டாதீர்கள். பலவும் அதைக் கண்டுபிடித்து நின்றுவிடும். தனி கணினி வேண்டும். வாங்கிய சீட்டின் கீ அந்த கணினியின் ஹார்டுவேர் அடையாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் மதர்போர்டு மாற்றினால் விற்பவரிடம்தான் ரீசெட் கேட்க வேண்டும். இறக்கியவுடன் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை எண்) எடுங்கள். ஃபைல் சுருக்கி மறைத்து பேக் செய்யப்பட்டிருக்கும், டிஸ்கில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது மெமரி டம்ப் (மெமரியில் இருப்பதன் முழு நகல்) எடுக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இங்கே: அதே நாளின் கேம் பில்டையும் ஆன்டி-சீட் பதிப்பையும் சேர்த்து வையுங்கள். ஒரு பேட்ச் வந்தால் மெமரி முகவரிகள் நகர்ந்துவிடும், சீட் சர்வரும் பழைய லோடரை உள்ளே விடாது. ஆறு மாதம் கழித்து நிபுணர் ஓட்டிக்காட்ட எதுவும் இருக்காது. டிஎம்ஏ அட்டை (மெமரியை நேரடியாகப் படிக்கும் வன்பொருள்) வழியாக இரண்டாவது கணினியில் மெமரியைப் படிக்கும் சீட் என்றால் கேம் கணினியில் ப்ராசஸே தெரியாது. அங்கே அட்டையின் ஃபர்ம்வேரும், அது எந்த சாதனமாக வேஷம் போடுகிறது என்பதும்தான் ஆதாரம்.

காப்பிரைட் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில், மீறல் தொடங்கும் முன்போ வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ பதிவு செய்யாவிட்டால், காப்பிரைட் மீறலுக்கான சட்டபூர்வ இழப்பீடு (நஷ்டத்தை நிரூபிக்காமலே சட்டம் தரும் தொகை) கிடையாது, உண்மை நஷ்டமும் எதிராளியின் லாபமும்தான். 1201 புகாருக்கு அந்தக் கட்டு இல்லை. எல்லோரும் அதையே முன்னால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூட்டல்கழித்தல்

வெட்டரன்சீட்ஸ் பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: டிஸ்கார்ட் உறுப்பினர் எண்ணிக்கையை விற்பனை எண்ணிக்கையாகக் கொண்டு போகாதீர்கள். வாங்காமல் எட்டிப்பார்ப்பவர்களும் மறுவிற்பனையாளர்களும் அதில் கலந்திருப்பார்கள். வால்ஹேக்ஸ் வழக்கின் 6,765 என்பது அமெரிக்காவில் இறக்கிய பிரதிகள் மட்டும். கட்டண நிறுவனத்துக்கு சப்பீனா (ஆவணம் தரச் சொல்லும் சட்ட ஆணை) அனுப்பிப் பரிவர்த்தனைப் பட்டியலை வாங்கி, அதிலிருந்து நாடுவாரியாகப் பிரியுங்கள்.