சி.பி.ஆர். (இதயம் நின்னவங்களுக்கு நெஞ்சை அழுத்தி, வாயில மூச்சு ஊதுற முதலுதவி) கொடுத்ததை நேர்ல பார்த்தவங்க எழுதுங்க (சேலம், ஏற்காடு)

மண்டித்தெரு
செவ்வாய்ப்பேட்டைல மூட்டை தூக்குறவர் ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், லாரி பக்கத்துலயே சரிஞ்சிட்டார். கை கால் லேசா வெட்டினதும் வலிப்புன்னு சாவிக்கொத்தைக் கையில திணிச்சாங்க, சோடாவை முகத்துல அடிச்சாங்க. அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். உறுத்துறது வேற. பத்துப் பதினஞ்சு செகண்டுக்கு ஒருதரம் வாயைப் பிளந்து குறட்டை மாதிரி ஒரு இழுப்பு இழுத்தார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு"ன்னு சுத்தி நின்னுட்டாங்க. இதயம் நின்னதும் முதல் சில நிமிஷம் பலருக்கு வர்ற இழுப்பு அது. அந்த வெட்டலும் மூளைக்கு ரத்தம் போகாததால வந்ததுதான். தோளைத் தட்டிக் கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சு ஒழுங்கா இல்ல. இந்த ரெண்டும் போதும், 108-ஐ ஸ்பீக்கர்ல போட்டுட்டு அழுத்த ஆரம்பிக்கணும். நாடி தேடிக்கிட்டு இருக்கக் கூடாது. பழக்கம் இல்லாத கைக்கு நாடி கிடைக்காது, இல்லன்னா தன் விரல்ல துடிக்கிறதையே அவரோட நாடின்னு நினைச்சுக்கும்.

ஓமலூரான்
இங்க வீட்டுல நடந்தது, கயித்துக் கட்டில் மேல. பையன் நல்ல பலத்தோடதான் அழுத்தினான். ஒவ்வொரு அழுத்துக்கும் கட்டில் கீழ போய் மேல வந்துச்சு, அப்பாவோட நெஞ்சு அமுங்கவே இல்ல. அந்தக் கயிறு கிரீச்சிடுற சத்தம்தான் இன்னமும் மறக்கல. மெத்தை, சோபா எதுவா இருந்தாலும் சரி, ரெண்டு பேர் பிடிச்சு முதல்ல தரையில இறக்கிடுங்க.

பெரியவங்களுக்கு 5 செ.மீ. ஆழம், 6-ஐத் தாண்டக் கூடாது. நெஞ்செலும்போட கீழ்ப்பாதில உள்ளங்கை அடிப்பகுதி, அது மேல இன்னொரு கை, முழங்கை மடங்காம நேரா. தோள் கைக்கு நேர் மேல இருந்தா உடம்போட எடையே அழுத்தும், புஜம் வலிக்காது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வர விடணும். களைச்சவங்க நெஞ்சு மேலயே சாஞ்சுக்குவாங்க, அப்ப இதயத்துக்கு ரத்தம் திரும்பி வர இடமே இருக்காது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாறுங்க, மாத்துறதுக்கு 10 செகண்டுக்கு மேல ஆகக் கூடாது. விலா நொறுங்குற மாதிரி கேட்டா கை சரியான இடத்துல இருக்கான்னு பார்த்துட்டுத் தொடருங்க.

எண்ணுறதுல ஒரு சங்கடம் இருக்கு. நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 வரணும். "ஒண்ணு ரெண்டு மூணு" வரைக்கும் தாளம் சரியா வரும். "இருபத்தி ஏழு, இருபத்தி எட்டு" வந்ததும் சொல் நீளமாகி கை தானா மெதுவாயிடும். பத்து வரைக்கும் மூணு தடவை எண்ணுங்க. 30 அழுத்து 15-லிருந்து 18 செகண்டுக்குள்ள முடியணும்.

வாழப்பாடி கிணத்துமேடு
கிணத்துல விழுந்த பையன், எட்டு வயசு. மேல தூக்கினதும் ஒருத்தர் அவனைத் தலைகீழாத் தோள்ல போட்டுக்கிட்டுக் களத்துமேட்டைச் சுத்தி ஓடினார். வாயிலிருந்து தண்ணி வர வர ஊரே "வருது வருது"ன்னு கத்துச்சு. வந்தது வயித்துத் தண்ணி. நுரையீரலுக்குள்ள போறது கொஞ்சம்தான், அதைக் கவுத்து வெளிய எடுக்கவும் முடியாது. வயித்தை அமுக்கினா உள்ள இருக்கிறது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போகும். அவனுக்குத் தேவைப்பட்டது காத்து. படுக்க வச்சு, தலையை லேசாச் சாய்ச்சு, தாடையைத் தூக்கி, மூக்கை மூடி, நெஞ்சு எழும்புற அளவுக்கு முதல்ல ரெண்டு மூச்சு, ஒவ்வொண்ணும் ஒரு செகண்ட். அப்புறம்தான் 30 அழுத்து, 2 மூச்சு. நுரை வந்தா துடைச்சுக்கிட்டே இருக்காதீங்க. வாந்தி வந்தா ஒருக்களிச்சு வழிச்சு விட்டுட்டு, திரும்ப மல்லாத்தித் தொடருங்க.

மண்டித்தெரு
பயிற்சில வாயில ஊதவே வேணாம், அழுத்தினா போதும்னுதானே சொல்றாங்க? இப்படி எழுதினா படிக்கிறவங்க பயந்து தொடாமலே போயிடுவாங்க.

வாழப்பாடி கிணத்துமேடு
உங்க மூட்டைக்காரருக்கு அது சரி. பெரியவர், திடீர்னு விழுந்தவர், ரத்தத்துல ஆக்ஸிஜன் இன்னும் மிச்சம் இருக்கும், அதை ஓட்டினா போதும். தண்ணில மூழ்கினவங்களுக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கும் மூச்சு முட்டித்தான் இதயம் நிக்குது. ஆக்ஸிஜன் தீர்ந்த ரத்தத்தை ஓட்டி என்ன பிரயோஜனம்? ஊத முடியலன்னா அழுத்தவாவது செய்யுங்க, அதுல சண்டை இல்ல. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு சொல்லாதீங்க.

எஸ்டேட் லைன்
ஏற்காடு பக்கம், காப்பித் தோட்ட லைன் வீடு. பால் குடிச்ச நாலு மாசக் குழந்தை நீலமாயிடுச்சு. பக்கத்து வீட்டு அக்கா வந்து ரெண்டு விரலால நெஞ்சுல தட்டினாங்க, அழுத்தக்கூட இல்ல. பச்சைப் புள்ளைன்னு கை கூசும், யாருக்கும் கூசும்.

ரெண்டு விரல்னு பழைய படத்துல பார்த்தவங்களுக்கு ஒண்ணு: 2025 அமெரிக்க இதயச் சங்க வழிகாட்டில அதை எடுத்துட்டாங்க. ஆழமும் வர்றதில்ல, விரல் சீக்கிரம் தளர்ந்துடும். ரெண்டு கையால நெஞ்சுக்கூட்டைச் சுத்திப் பிடிச்சு ரெண்டு கட்டை விரலால அழுத்தணும், இல்ல ஒரு உள்ளங்கையோட அடிப்பகுதியால. ரெண்டு மார்க்காம்பையும் சேர்க்கிற கோட்டுக்குச் சத்தே கீழ, நெஞ்சு நடுவுல. ஆழம் 4 செ.மீ., அதாவது நெஞ்சோட கனத்துல மூணுல ஒரு பங்கு. தலையைப் பெரியவங்களுக்குச் சாய்க்கிற மாதிரி பின்னால சாய்க்காதீங்க, குழந்தையோட மூச்சுக்குழாய் மடங்கிடும். முகம் கூரையைப் பார்த்தா போதும். வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, கன்னத்துல இருக்கிற காத்தை மட்டும் ஊதுங்க. நெஞ்சு நிறைய இழுத்து ஊதினா அது வயித்துக்குத்தான் போகும்.

குழந்தைக்கு நினைவு இருக்கு, ஆனா அழவும் முடியல, இருமவும் முடியலன்னா அது வேற கணக்கு. முன்கையில குப்புறக் கிடத்தி, தலை கீழ இருக்க, தோள்பட்டைக்கு நடுவுல 5 தட்டு. திருப்பி நெஞ்சுல 5 அழுத்து. அடைச்சது வெளிய வர்ற வரைக்கும், இல்ல குழந்தை துவளுற வரைக்கும் மாத்தி மாத்தி. துவண்டா உடனே சி.பி.ஆர். கண்ணுக்குத் தெரியாத எதையும் தேடித் தொண்டைக்குள்ள விரல் விடாதீங்க.

அப்புறம் ஜீப்ல ஏத்திட்டாங்க. 20 கொண்டை ஊசி வளைவு! மடியில வச்சுக்கிட்டு அந்த வளைவுகள்ல என்னத்த அழுத்துறது? ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கு. 108 வர்ற வரைக்கும் சமதரையில அழுத்திக்கிட்டு இருக்கிறதே மேல்.

தறிக்குடோன்
தறி ஓட்டுறவருக்கு ஷாக். கூட இருந்தவர் கையைப் பிடிச்சு இழுத்து அவரும் ஒட்டிக்கிட்டார். அவ்வளவுதான் கதை.

தறி வச்சிருக்கிறவங்களுக்காக எழுதுறேன், கேக்கலன்னாலும். மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு வேலைக்கு வந்த முதல் நாளே ஒவ்வொருத்தருக்கும் காட்டுங்க. நூல் பெட்டி அடுக்கி அதை மறைக்காதீங்க. கரண்ட் போன பிறகுதான் தொடணும். ஷாக்ல இதயம் பெரும்பாலும் நிக்காது, தாறுமாறா நடுங்கும். அதைச் சரிப்படுத்துறது ஏ.இ.டி., நெஞ்சு வழியா இதயத்துக்கு அளவா ஷாக் கொடுக்கிற கருவி. அது வர்ற வரைக்கும் அழுத்துறதுதான் உயிரைப் பிடிச்சு வைக்கும். கருவி வந்தா வேட்டி, பனியன் விலக்கி, வேர்வையை நல்லாத் துடைச்சு, ஒரு பேட் (கருவியோட ஒட்டுற பட்டை) வலது காறை எலும்புக்குக் கீழ, இன்னொண்ணு இடது அக்குளுக்குக் கீழ. ஈரத்துல பேட் ஒட்டாது. "யாரும் தொடாதீங்க"ன்னு அது சொல்லும்போது மட்டும் கையை எடுங்க, ஷாக் கொடுத்த அடுத்த நொடியே திரும்ப அழுத்துங்க. முழிச்சாரான்னு பார்த்துக்கிட்டு நிக்கிறதுலதான் பாதி நேரம் போகுது. எட்டு வயசுக்குக் கீழன்னா குழந்தை பேட். அது இல்லன்னா பெரிய பேடையே ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு முதுகுல.

பிழைச்சு எழுந்து உட்கார்ந்தாலும் டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீங்க. ஷாக் அடிச்சவங்களுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கணும்.

ஓமலூரான்
தொட்டா போலீஸ் கேஸ் வரும்னு மண்டியில யாராவது சொன்னாங்களா? ரோட்டு விபத்துல உதவுறவங்களுக்கு 2019 திருத்தத்துல வந்த மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 134ஏ பாதுகாப்பு தருது. பேரைக்கூடச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

மண்டித்தெரு
சொன்னாங்க. மூணு பேர் சொன்னாங்க.