மடியும் கூரையின் கீலில் வயர் திரும்பத் திரும்ப அறுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். துணிக்கூரை மடிந்து பின்புறம் டிக்கியை ஒட்டி அமரும் வகையைச் சேர்ந்த, பதினொரு ஆண்டுகள் ஓடிய கார் ஒன்று என்னிடம் உள்ளது. சென்ற குளிர்காலத்தில் பின்கண்ணாடியின் பனி நீக்கும் கம்பிகள் சூடேறவில்லை. இடப்பக்கக் கீலருகே வயர் அறுந்திருந்ததைக் கண்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்து டேப் சுற்றினேன். எட்டே மாதத்தில், பற்றவைத்த இடத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி மறுபடியும் அறுந்துவிட்டது. இப்போது கூரையும் பாதியில் நின்றுவிடுகிறது; வயர்க்கட்டைக் கையால் அசைத்தால் கூரை மீண்டும் நகர்கிறது. உள்துணியை விலக்கிப் பார்த்தபோது, கீல் சட்டத்தில் விரலகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து பளபளத்தது. அதற்கு நேராக வயரின் மேலுறை உரிந்து செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன. இதை நிரந்தரமாகத் தடுக்க வழி உண்டா?

பதில் (வாகன மின்பணியாளர்):
ஐயா, முதலில் ஒன்று: கூரை நகரும்போது கீல்களுக்கிடையே கை வைக்காதீர்கள், அந்தக் கரங்கள் விரலை நசுக்கிவிடும்.

உங்களிடம் இருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். உறை உரிந்தது உராய்வால். இரண்டாம் முறை அறுந்தது வளைந்து வளைந்து களைத்ததால். உருகிய ஈயம் செம்பு இழைகளுக்குள் ஊறி அவற்றை ஒரே கம்பிபோல் விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடியும் இடத்திலேயே முழு வளைவும் குவிவதால், அரை அங்குலம் தள்ளி அறுந்ததில் வியப்பில்லை. ஆகவே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கீலின் இருபுறமும் கூரை மடியும்போது அசையாத இடம்வரை பழைய வயரை வெட்டியெடுத்து, நுண்ணிழைகள் கொண்ட சிலிக்கான் உறை வயரை ஒரே துண்டாகப் போட்டு, இணைப்புகளை கிரிம்ப் செய்து (உலோகக் குழாய்க்குள் வைத்து இடுக்கியால் நசுக்கி), சூடுபட்டால் சுருங்கி இறுகும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். சாதாரண பிவிசி உறை குளிரில் விறைத்து வெடிப்பு விடும்; சிலிக்கான் விறைக்காது, ஆனால் எளிதில் கிழியும் என்பதால் அதன்மேல் பின்னல் உறை கட்டாயம் வேண்டும்.

கூரை பாதியில் நிற்பதற்கு, கூரை எந்த நிலையில் உள்ளது என்று அறியும் நிலை உணரிக்கு (சென்சார்) அதே கட்டில் செல்லும் மெல்லிய வயர் விட்டு விட்டுத் தொடர்பிழப்பது காரணமாக இருக்கலாம். அதையும் மின்தொடர்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. வயரைத் தளர்வாக விட்டால் போதுமா?

பதில் (வாகன மின்பணியாளர்):
தளர்வு அதிகமானால் அதுவே சட்டத்துக்கிடையில் சிக்கிக்கொள்ளும். கூடியமட்டும் கீலின் அச்சை ஒட்டிச் சிறிது தூரம் செல்லுமாறு வயரை அமையுங்கள்; அப்போது அது ஓரிடத்தில் மடங்காமல், நீளம் முழுவதும் சற்றே முறுக்கிக்கொள்ளும். கேபிள் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) இறுக்கிக் கட்டாமல், கீலுக்கு முன்னும் பின்னும் துணி டேப்பால் பிடிமானம் கொடுங்கள்.

பதில் (இதே வகைக் கார் வைத்திருப்பவர்):
தேய்ந்து கூர்மையான அந்தச் சட்ட விளிம்பை அரத்தால் மழுக்கிப் பெயின்ட் அடிக்க மறவாதீர்கள். நான் அதைச் செய்யாமல் விட்டதால் புதிய உறையும் ஒரே கோடையில் நைந்துவிட்டது. ஃபியூஸ் போனால் கூடுதல் ஆம்பியரில் மாற்றவும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

கேட்டவர்:
சொன்னபடியே செய்தேன். நிலை உணரியின் வயரும் பாதி அறுந்தே இருந்தது, அதையும் மாற்றினேன். இருபது முறை திறந்து மூடிப் பார்த்தேன். கூரை எங்கும் நிற்கவில்லை, கண்ணாடியும் சூடேறுகிறது. சட்டத்தில் புதிதாக அடித்த பெயின்டில் இதுவரை கீறல் இல்லை.