மீனத்தில் ஒரு பழுப்புக் குறுமீன்? W2 படத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது

வைஸ் (WISE) என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் மூன்று வாரமாக ஒரே புள்ளியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறேன். குளிர்ந்த பழுப்புக் குறுமீனா (விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை சேராத வான்பொருள்), கருவியின் போலிப் பிம்பமா என்று முடிவு செய்ய முடியவில்லை.

இடம் மீன ராசி, நடுவரை விலக்கம் சுமார் +8 பாகை. 4.6 மைக்ரான் பட்டையில் (W2) 15.3 ஒளியளவு (எண் கூடினால் மங்கல்), 3.4 மைக்ரானில் (W1) ஒன்றுமே இல்லை. மீத்தேன் அந்த ஒளியை விழுங்கினால் இப்படித்தான் தெரியும் என்பதால்தான் ஆசை விடவில்லை. 2010 முதல் 2024 வரையிலான படங்களை ஓடவிட்டால் ஆண்டுக்குச் சுமார் 0.6 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது.

சிக்கல் இதுதான்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1 ஆர்க் செகண்ட் அளவுக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது. அது இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் அருகிலுள்ள பொருள் ஆடுவதுபோல் தெரிவது) என்றால், 2014-இல் வானியலாளர் கெவின் லூமன் அறிவித்த, 7 ஒளியாண்டு தொலைவிலுள்ள வைஸ் 0855 என்ற பழுப்புக் குறுமீனைவிட இது அருகில் இருக்க வேண்டும். நம்ப முடியவில்லை. 20 ஆர்க் செகண்ட் தள்ளி ஒரு பிரகாசமான விண்மீன் வேறு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொலைநோக்கி வானத்தை வருடும் திசை (ஸ்கேன் திசை) திரும்பும்போது அதன் ஒளிக்கீற்றும் இடம் மாறுமே!

வைஸ் படங்களை ஓடவிட்டுப் பார்க்கும் வைஸ்வியூ இணையக் கருவியில் இரு திசைப் படங்களையும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் புள்ளி இருக்கிறது. வைஸ் படங்களிலிருந்து தொகுத்த கேட்வைஸ்2020 பட்டியலில் வேக அளவின் பிழை மிகப் பெரிது. பான்ஸ்டார்ஸ் வான் அளவாய்வுப் படங்களில் எதுவும் இல்லை. அப்புறம் பிரிட்டிஷ் அகச்சிவப்புத் தொலைநோக்கியின் வட அரைக்கோள அளவாய்வில் J பட்டையையும் (சுமார் 1.25 மைக்ரான்) பார்த்தாயிற்று, அங்கும் வெறுமைதான்.

ஸ்கேன் திசை வாரியாக அந்த விண்மீனின் ஒளியை மட்டும் கழித்துவிட்டு, புள்ளியின் இடத்தை மறுபடி அளக்க நீங்கள் எந்த முறையைப் பயன்படுத்துகிறீர்கள்?