ஏற்காட்டில் எடுத்த படம் "கேரள நடனம்" ஆனது எப்படி?

சேர்வராயன் அடிவாரம்:
நேற்று இங்கே ஒருவர், "பண்பாட்டுப் பன்மையில் நம்ம வங்கிதான் முன்னோடி, ஆண்டறிக்கையைப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு பங்கை வாங்கலாம்" என்று எழுதியிருந்தார். பார்த்தேன். பல மாநில ஊழியர்கள், பல பண்டிகைகள் என்று வரிசையாகப் படங்கள். அதில் ஒன்று ஏற்காட்டில் எடுத்தது. தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் ஆடுகிறார்கள், பின்னால் சேர்வராயன் கோயில். கீழே "கேரள நடனம்" என்று போட்டிருக்கிறார்கள். ஐயா, அவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. கேரளாவுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

நீண்டகால முதலீடு:
எழுதியது நான்தான். ஒரு படத்துக்குக் கீழே ஒரு சொல் தப்பு, அதற்காக வங்கியே தப்பா? வாராக்கடன் குறைந்து வருகிறது, நகைக்கடன் வளர்கிறது, பங்கு விலையோ புத்தக மதிப்பை, அதாவது வங்கியின் சொத்தில் கடன் போக ஒரு பங்குக்கு வரும் தொகையை, ஒட்டியே கிடக்கிறது. முதலீட்டாளர் பார்க்க வேண்டியது அது.

சேர்வராயன் அடிவாரம்:
சரி, நகைக்கடனுக்கே வருகிறேன். மலையில் காபி பறிக்கக் கார்த்திகை, மார்கழி ஆகிவிடும். ஜூனில் பள்ளி திறக்கும்போது கையில் காசு இருக்காது. காதில் கிடக்கும் கம்மலைக் கழற்றிக் கவுன்டரில் வைப்பார்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்த நகைக்கடன் விதிகளைப் படித்தீர்களா? கடன் வாங்குபவரோடு வட்டார மொழியிலோ அவர் கேட்கும் மொழியிலோதான் தொடர்புகொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வைத்து விளக்க வேண்டும். ஆளையே கேரளாக்காரர் என்று நினைக்கிறவர்கள் ஏல நோட்டீஸை எந்த மொழியில் அனுப்புவார்கள்? நாளைக்கு வழக்கு வந்தால் அது பங்குதாரர் தலையில்தான் விடியும்.

பழைய கேஷியர்:
பண்பாட்டுப் பன்மை என்று எதைச் சொல்கிறீர்கள்? ஊழியர்களையா, வாடிக்கையாளர்களையா, மொழியையா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

லீ பஜார்:
எங்களுக்குப் பன்மையை வங்கி வந்து சொல்லித்தர வேண்டாம். சேலத்தில் ஒரே தெருவில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிற நெசவாளர், கன்னடக்காரர் எல்லாரும் இருக்கிறோம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்க வருகிற வடக்கத்தி வியாபாரி கூடத் தமிழில்தான் விலை பேசுகிறார். போன வாரம் கிளையில் என் முன்னால் நின்ற அம்மா, நகையைத் திருப்ப இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். கவுன்டரில் இருந்த பையனுக்குப் புரியவில்லை. கடைசியில் காவலாளிதான் எடுத்துச் சொன்னார்.

நீண்டகால முதலீடு:
அந்தப் பையன் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வான். நம்ம ஊர்ப் பிள்ளைகள் புனேயிலும் நாக்பூரிலும் வங்கி வேலை பார்க்கவில்லையா? அண்ணே, 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை நினைத்துப் பாருங்கள். 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியா வங்கியோடு இணைத்தபோது பங்குதாரர்களுக்கு ஒரு பைசா மிஞ்சவில்லை. அதை மூழ்கடித்தது படக்குறிப்பா, வாராக்கடனா?

சேர்வராயன் அடிவாரம்:
நான் சொல்வதையே நீங்களும் சொல்கிறீர்கள். உள்ளூர் வியாபாரியை விட்டுவிட்டுப் பெரிய நிறுவனங்களுக்கு அள்ளிக் கொடுத்ததில்தான் அந்த வங்கி சரிந்தது. வாசலில் நிற்பவர் யார் என்று தெரியாத வங்கிக்குக் கடன் கேட்டு வருகிறவரை மட்டும் எப்படித் தெரியும்? படத்தில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. மே மாதம் மலையே கூடித் திருவிழா நடக்கும் கோயில். அதை வைத்துக்கொண்டு "கேரள நடனம்" என்கிறார்கள்.

லீ பஜார்:
1925இல் தொடங்கிய சேலம் பாங்க் என்று நமக்கே ஒன்று இருந்தது. அறுபதுகளில் இந்தியன் வங்கியோடு போய்விட்டது. அது இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

நீண்டகால முதலீடு:
இருந்திருந்தால் என்று பேச ஆரம்பித்தால் முடிவே இல்லை. அடிவாரம் அண்ணன் மூன்று வருடம் முன்னாலும் இதே வங்கியை வேண்டாம் என்றார். அவர் பேச்சைக் கேட்டு விற்றேன். அப்புறம் ஏறிய விலையைப் பார்த்து எத்தனை நாள் தூங்கவில்லை என்று எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவை கேட்க மாட்டேன்.

சேர்வராயன் அடிவாரம்:
விற்கச் சொல்லவில்லை தம்பி, பாதியை வைத்துக்கொள் என்றுதான் எழுதினேன். பழைய பதிவு அப்படியே இருக்கிறது, போய்ப் பார்.

நீண்டகால முதலீடு:
பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். "வெளியே வா" என்று இருக்கிறது.

காபித்தோட்டம்:
நான் மலையாளி. ஏற்காட்டுக்கு மேலே எங்கள் ஊர். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "கேரளாவில் எந்த ஊர்மா?" என்று கேட்டார்கள். அட்டவணைப் பழங்குடிப் பட்டியலிலேயே சேலம் மாவட்டத்தோடு சேர்த்து எங்கள் பெயர் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லியும், இரண்டு தடவை அலைந்தேன். அதனால் அந்தப் படக்குறிப்பு எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனால் கீழே சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்காகப் பேசவும் வேண்டாம். அந்தப் பெரியவர்களைக் கேட்டுத்தான் படம் எடுத்தார்களா என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

சேர்வராயன் அடிவாரம்:
அம்மா, உங்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

காபித்தோட்டம்:
அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பழைய கேஷியர்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சேர்வராயன் அடிவாரம்:
பக்க எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனச் செயலாளருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் கேட்பேன். என்னிடம் இருப்பது ஐம்பது பங்குதான், ஆனால் கேட்க உரிமை உண்டு.

நீண்டகால முதலீடு:
கேளுங்கள். திங்கட்கிழமை சந்தை திறந்ததும் நான் இன்னும் நூறு வாங்குகிறேன்.

சேர்வராயன் அடிவாரம்:
தாராளமாக வாங்கு. அது கேரள நடனம் இல்லை.