அம்மாவுக்கு சிஏ 125 கூடுதலாக வந்திருக்கிறது, அப்பாவுக்கும் கேன்சர் ரத்த டெஸ்ட் எடுக்கலாமா?

ஈரோட்டுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 46 வயது. ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்தோம், பெண்களுக்கான கேன்சர் மார்க்கர் ரத்த டெஸ்டும் அதிலேயே இருந்தது, நாங்களாகக் கேட்கவில்லை. சினைப்பைக் கேன்சருக்காகப் பார்க்கிற சிஏ 125 மட்டும் 48 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது, 35க்குக் கீழே இருக்க வேண்டுமாம். வயிற்று வலி, உப்புசம் எதுவும் கிடையாது. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு (கேன்சர் இல்லாத தசைக்கட்டி) இருப்பது ஏற்கெனவே தெரியும், மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. ரிப்போர்ட் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதும் இல்லை. மகளிர் டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது.

அப்பாவுக்கு 58. ரொம்ப வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். ஒரே ரத்தச் சாம்பிளில் பல கேன்சரைக் கண்டுபிடிக்கிற டிஎன்ஏ டெஸ்ட் வந்திருக்கிறதே, கடன் வாங்கியாவது அதை எடுத்துவிடலாமா?

மீனா லேப்:
தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நான் பயோகெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ரத்தம் கொடுத்த அன்று மாதவிலக்கு இருந்ததா? அந்த நாட்களில் சிஏ 125 கூடும். ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது), கர்ப்பம் இதிலெல்லாமும் கூடும், வயிற்றில் டிபி இருந்தால் நூற்றுக்கணக்கில் போகும், ஏனென்றால் இது கேன்சர் செல் மட்டும் விடுகிற பொருள் இல்லை, வயிற்றின் உள்சவ்வும் கர்ப்பப்பையின் உள்சுவரும்கூட விடும். மறுபக்கம், சினைப்பைக் கேன்சர் ஆரம்பத்தில் இருக்கிற பலருக்கு இது நார்மலாகவே இருக்கும். அதனால் நார்மல் என்று வந்தாலும் அதை நம்பி உட்கார முடியாது. நோய் உறுதியான பிறகு சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இது உண்மையில் உதவும்.

அதற்காக 48ஐ அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். டாக்டர் அநேகமாக அடிவயிற்று ஸ்கேன் எழுதுவார், மாதவிலக்கு முடிந்த பிறகு திரும்பவும் ஒரு முறை பார்க்கச் சொல்லலாம். பாட்டி, பெரியம்மா, சித்தி யாருக்காவது மார்பகம், சினைப்பைக் கேன்சர் வந்திருந்தால் எந்த வயதில் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள், அது இந்த 48ஐ விட முக்கியமான தகவல்.

லண்டன் குமரன்:
மீனா சொன்னதோடு ஒன்று. இங்கே பிரிட்டனில் மாதவிலக்கு நின்ற 2 லட்சம் பெண்களை வைத்து சிஏ 125, ஸ்கேன் இரண்டையும் பல வருடம் சோதித்தார்கள். 2021ல் கடைசி முடிவு வந்தது. சிஏ 125ஐ வருடாவருடம் பார்த்த குழுவில் ஆரம்ப நிலையில் பிடிபட்டவர்கள் கூடினார்கள், ஆனால் இறந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தாலே உயிர் தப்பும் என்று நாம் நினைப்பது எல்லா கேன்சருக்கும் பொருந்தவில்லை, இதை எந்த பேக்கேஜ் விளம்பரமும் சொல்லாது.

டிஎன்ஏ டெஸ்ட் வகையில் அதிகம் ஆராயப்பட்டது அமெரிக்காவின் கேலரி. செல்கள் சாகும்போது ரத்தத்தில் கலக்கிற டிஎன்ஏ துண்டுகளில் உள்ள மெத்தில் குறிகளை (டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கிற வேதி அடையாளங்கள், கேன்சரில் இவை மாறும்) அது படிக்கிறது. கட்டி சின்னதாக இருந்தால் துண்டுகளும் குறைவு, அதனால் ஒன்றாம் நிலையில் 100க்கு சுமார் 17ஐத்தான் பிடித்தது, நான்காம் நிலையில் 90. இன்னொரு ஆய்வில் 6,600 பேரில் 92 பேருக்கு 'இருக்கிறது' என்று வந்தது, அதில் 35 பேருக்குத்தான் நிஜமாகவே கேன்சர். மீதிப் பேர் ஸ்கேன், பயாப்ஸி என்று அலைந்திருப்பார்கள். கடன் வாங்கி எடுக்கிற டெஸ்ட் இது இல்லை.

கோவை ரவி:
எல்லா ரத்த டெஸ்டும் வீண் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் மாமாவுக்கு பிஎஸ்ஏ என்கிற ப்ராஸ்டேட் ரத்த டெஸ்ட் பார்த்துத்தான் ப்ராஸ்டேட் கேன்சர் தெரிந்தது, இப்போது நன்றாக இருக்கிறார்.

லண்டன் குமரன்:
உண்மைதான் ரவி, கேட்க சந்தோஷம். ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்விலும் பிஎஸ்ஏ பார்த்த குழுவில் ப்ராஸ்டேட் கேன்சர் இறப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராத கட்டிகளையும் அது நிறைய பிடித்தது, அவர்களில் பலருக்குத் தேவையில்லாத ஆபரேஷன் நடந்து சிறுநீர் கசிவு வந்தது. அதனால்தான் டாக்டரோடு பேசி முடிவெடுக்கச் சொல்கிறார்கள்.

பல் டாக்டர் சுபா:
அப்பா விஷயம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. புகையிலை போடுகிறவருக்கு ரத்தத்தில் தேட வேண்டியதில்லை, வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், வாய் முன்பு போல அகலமாகத் திறக்காதது, இவைதான் அடையாளம். திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைப் பார்த்ததாலேயே புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அம்மாவுக்கும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்ததில்லை என்றால் செய்துவிடுங்கள். வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவிப் பார்க்கிற முறைதான், திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரே ஒரு முறை அப்படிப் பார்த்ததிலேயே இறப்பு 35 சதவீதம் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்குமான அரசு பரிசோதனைத் திட்டத்தை 2023 கடைசியில் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் உங்கள் ஈரோடும் ஒன்று.

ஈரோட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன், ரத்தம் கொடுத்தது மாதவிலக்கின் இரண்டாம் நாளாம். அப்பாவுக்குக் கடைவாய்ப் பக்கம் காரம் பட்டால் எரிகிறது என்று இப்போதுதான் சொல்கிறார், எத்தனை நாளாக என்று கேட்டால் பதில் இல்லை.

பல் டாக்டர் சுபா:
வியாழன் வரை வைத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே ஜிஹெச் பல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், புகையிலை போடுவதையும் எரிச்சலையும் நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள், அப்பா மறைக்கப் பார்ப்பார்.