எத்தனால் தாங்குற பெட்ரோல் டியூப் மதுரைல எங்க கிடைக்கும்?

அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம். பழங்காநத்தத்துல சின்னதா டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். நம்மகிட்ட வர்றது பெரும்பாலும் பழைய கார்புரேட்டர் வண்டிதான்.

இப்ப பங்க்ல ஊத்துற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். 2030-க்குள்ளன்னு ஆரம்பிச்சு, 2025-லயே கொண்டாந்துட்டாங்க. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டில ரப்பர், சீல் எல்லாம் அதுக்குத் தாங்குற மாதிரியே வருது. பழசுக்குத்தான் பாடு.

இந்த வாரம் ஒரு வண்டி வந்துச்சு. ஓனர் சிங்கப்பூர்ல, வண்டி வீட்டுல சும்மாவே நின்னுருக்கு. டியூப நசுக்குனா நமுத்த அப்பளம் மாதிரி இருக்கு. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழட்டுனா அடியில தண்ணி தனியா நிக்குது, பெட்ரோல் போற ஜெட் ஓட்டையில வெள்ளையா படிஞ்சு கெடக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும்ல, ஓட்டாத வண்டிக்கு அதான் வினை.

மைலேஜ் வேற. ஒரே அளவுக்குப் பெட்ரோல்ல இருக்குற சக்தியில மூணுல ரெண்டு பங்குதான் எத்தனால்ல இருக்கு, கொஞ்சம் குறையத்தான் செய்யும். இதைச் சொன்னா யாரு நம்புறா? டியூனிங் சரியில்லன்னு எங்கிட்டதான் சண்டை.

எத்தனாலுக்குத் தாங்குற விட்டான் ரப்பர்ல டியூப், ஓ-ரிங் சிம்மக்கல் பக்கம் மீட்டர் கணக்குல கிடைக்குமா, இல்ல கோயம்புத்தூர்லதான் சொல்லி வைக்கணுமா? மெயின் ஜெட் ஒரு சைஸ் கூட்டிப் போட்டவங்க இருந்தா, பிளக் கலர் எப்படி இருக்குன்னு போட்டோ போடுங்க. டேங்க்ல ஊத்துற மருந்து பாட்டில்னு ஒண்ணு விக்கிறாங்களே, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. பயன்படுத்துனவங்க இருந்தா சொல்லுங்கண்ணே.